மூன்றாம் ராஜராஜன்: சேந்தமங்கலச் சிறைக்கு 800 ஆண்டு நிறைவது எப்போது?

கெடிலக்கரை எழுதியது:

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததை 2010 செப்டம்பரில் அரசே விழாவாக எடுத்தது. ராஜேந்திரன் அரியணை ஏறிய ஆயிரமாவது ஆண்டு 2014இல் கங்கைகொண்டசோழபுரத்தில் கொண்டாடப்பட்டது. அதே குலத்தில் கடைசிக்கு முந்தைய மன்னன் மூன்றாம் ராஜராஜன் 1216இல் பட்டத்துக்கு வந்தான். 2016இல் அதற்கு 800 ஆண்டு நிறைந்தது பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. அடுத்து வருவது இன்னும் பெரிய நாள்: நடுநாட்டுச் சிற்றரசரான காடவர் குலத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தியையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தானே, அதற்கு 800 ஆண்டு.

புதிதாக வருபவர்களுக்காக ஆட்சியின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1216இலேயே மதுரையில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனும் பட்டமேறினான். மூன்றாம் குலோத்துங்கன் உயிரோடு இருக்கும்போதே பாண்டியன் படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்தான். ஆயிரத்தளியில், அதாவது முடிகொண்டசோழபுரத்தில், வீராபிஷேகம் செய்துகொண்டான். கன்னட நாட்டை ஆண்ட போசளர் தலையிட்ட பிறகு சோழநாட்டைத் திருப்பிக் கொடுத்தான். அவனுடைய 3ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளிலிருந்தே 'சோணாடு வழங்கியருளிய' என்ற பட்டம் வந்துவிடுகிறது. பின்னால் ராஜராஜன் திறை கட்ட மறுத்துப் பாண்டியன்மேல் போனான், மறுபடி தோற்றான். வடக்கே ஓடும் வழியில் கோப்பெருஞ்சிங்கன் கையில் சிக்கினான். போசள இரண்டாம் நரசிம்மன் ஒருபுறம் காவிரிக் கரையில் மகேந்திரமங்கலத்தில் பாண்டியனைத் தோற்கடித்தான்; மறுபுறம் தண்டநாயகர்களை, அதாவது படைத்தலைவர்களை, அனுப்பிச் சோழனை மீட்டான்.

என் கேள்வி நேரடியானது. 2030இல் நினைவுகூர வேண்டுமா, 2031இலா, 2032இலா? மூன்றையும் வெவ்வேறு இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நாள்மீன் எழுதியது:

நல்ல கேள்வி. மூன்று விடையும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் பிழை எங்கே என்பது தெரிந்துவிடும்.

அடிப்படைச் சான்று கடலூர் அருகே திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயில் கல்வெட்டு. அதன் தொடக்கத்தில் ராஜராஜ தேவருக்கு யாண்டு '15ஆவது எதிராமாண்டு' என்று இருக்கிறது. இதில் 15ஐ மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்களுக்கு 1230–31 கிடைக்கும். 15ஆவதுக்கு எதிராமாண்டு என்றால் 15க்கு அடுத்தது, அதாவது 16. பாண்டியர் கல்வெட்டுகளில் இது இன்னும் விரிவாக வரும்: '2ஆவதின் எதிர் 13ஆவது' என்றால் 15ஆம் ஆண்டு. இரண்டு எண்ணையும் கூட்ட வேண்டும்.

இனி 16ஆம் ஆண்டு எப்போது ஓடியது? ராஜராஜனின் ஆட்சியாண்டு 1216 ஜூன் கடைசிக்கும் ஜூலை முதல் பத்து நாளுக்கும் இடையில் தொடங்குகிறது என்று, கிழமையும் நட்சத்திரமும் உள்ள பல கல்வெட்டுகளை ஒப்பிட்டுக் கல்வெட்டறிஞர் கீல்ஹார்ன் கணித்தார். முதலாண்டு 1216 ஜூலை முதல் 1217 ஜூலை வரை. அப்படியானால் 16ஆம் ஆண்டு 1231 ஜூலையில் தொடங்கி 1232 ஜூலையில் முடிகிறது. இங்கேதான் அடுத்த பிழை. 1216உடன் 16ஐக் கூட்டி 1232 என்று எழுதிவிடுகிறார்கள். முதலாண்டே 1 என்று எண்ணப்படுவதால் 15ஐத்தான் கூட்ட வேண்டும். அதுவும் ஆடி முதல் மார்கழி வரைக்கும்தான் பொருந்தும். தை முதல் ஆனி வரையுள்ள மாதங்களுக்கு 16ஐக் கூட்ட வேண்டும். அதே 16ஆம் ஆண்டின் மார்கழி 1231 டிசம்பரில் வரும், சித்திரை 1232இல் வரும்.

இன்னொரு பொறி மாதத்திலேயே இருக்கிறது. இன்று ஆடி பிறப்பது ஜூலை நடுவில். 13ஆம் நூற்றாண்டில், அன்றைய ஜூலியன் நாட்காட்டிப்படி, சித்திரை 1 மார்ச் 25 ஒட்டி வந்தது. ஆடி 1 ஜூன் 27 ஒட்டி வந்தது. இன்றைய பஞ்சாங்கத்தைப் பார்த்து 'ஆடி என்றால் ஜூலை பின்பாதி' என்று கணக்குப் போட்டால், ஆட்சியாண்டு மாறும் இடத்தில் ஒரு முழு ஆண்டு தவறிப்போகும். இந்த மன்னன் பட்டமேறியதும் சரியாக அந்த இடத்தில்தான்.

கிரிகோரியன் கணக்குக்கு மாற்ற வேண்டுமானால் அந்த நூற்றாண்டுக்கு 7 நாள் கூட்டுங்கள். இன்றைய 13 நாள் வேறுபாட்டை அங்கே கொண்டுபோய்ப் போடக் கூடாது.

ஆகவே விடை: 2031 ஜூலை நடுவிலிருந்து 2032 ஜூலை நடு வரை, ஓராண்டுக் காலம். இந்தக் கல்வெட்டு ஆண்டைச் சொன்னதும் நேரே செய்திக்குப் போய்விடுகிறது; மாதம், கிழமை, நாள் தரவில்லை. ஒரு தேதியைக் குறித்து மேடை போடுகிறவர் அதைத் தானாகப் படைத்தவர் ஆவார்.

வடவாறு எழுதியது:

கணக்கு தெளிவாக இருக்கிறது ஐயா, நன்றி. ஆனால் நினைவுகூர வேண்டிய ஆளா என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிடைத்த நாட்டை வைத்து ஆளத் தெரியாமல், திறையை நிறுத்தி, போதிய படை இல்லாமல் பாண்டியன்மேல் போய், பட்டத்தரசியையும் பரிவாரத்தையும் எதிரியிடம் விட்டு ஓடியவன். ஆபத்து வந்த ஒவ்வொரு முறையும் போசளர் தலைநகரான துவாரசமுத்திரத்தை எதிர்பார்த்தான். கோப்பெருஞ்சிங்கன் செய்தது துரோகம்தான், ஆனாலும் அந்த வெற்றிடத்தை உண்டாக்கியவன் இவனே.

மகதைநாடு எழுதியது:

வடவாறு, ராஜராஜன் திறமைசாலி என்று இங்கே யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் அவன் பட்டத்துக்கு வந்தபோது கையில் என்ன இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வடக்கே சம்புவராயர், அதற்கும் மேலே யாதவராயர், நெல்லூரில் தெலுங்குச் சோடர், நடுநாட்டில் காடவர், மேற்கே மகதை வாணகோவரையர். இவர்கள் ஒருவரோடொருவர் எழுதிக்கொண்ட உடன்படிக்கைகள் கல்லிலேயே கிடைக்கின்றன. நிலைமைத்தீட்டு என்பார்கள். 'உன் பகைவன் எனக்கும் பகைவன், உன்னை விட்டு இன்னாரோடு சேரமாட்டேன்' என்பதுதான் அவற்றின் சாரம். இந்த வழக்கம் மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலேயே பெருகிவிட்டது. சிற்றரசன் இன்னொரு சிற்றரசனிடம் ஆணையிட்டுக் கொடுக்கிறான் என்றால் சக்கரவர்த்தியின் காவல் போதாது என்று இருவருமே முடிவுசெய்துவிட்டார்கள் என்று பொருள். படை, வரி, குதிரை எல்லாம் அவர்கள் கையில். மத்தியப் படை மெலிந்த அரசில் திறை கட்டினாலும் அழிவு, கட்டாவிட்டாலும் அழிவு. கட்டினால் சிற்றரசர் மதிக்க மாட்டார்கள். கட்டாவிட்டால் பாண்டியன் வருவான்.

இப்போது கெடிலக்கரையின் தலைப்புக்கு வருகிறேன். சிறைப்பட்டது ஒரு நிகழ்ச்சி, விடுபட்டது இன்னொரு நிகழ்ச்சி. திருவந்திபுரக் கல்வெட்டின் 16ஆம் ஆண்டு விடுதலைக்கு உரியது. எல்லாம் முடிந்த பிறகு தண்டநாயகர்கள் வெட்டி வைத்தது. சிறைப்பட்டது அதற்கு முன். எவ்வளவு முன் என்பதைப் படை சென்ற வழியைப் பார்த்தால் ஓரளவு உணரலாம்.

நரசிம்மன் துவாரசமுத்திரத்தில் சபதம் செய்கிறான்: சோழமண்டலப் பிரதிஷ்டாசாரியன் என்ற கீர்த்தியை நிலைநிறுத்தாமல் இந்தக் காளம் (எக்காளம்) ஊதுவதில்லை என்று. புறப்பட்டு முதலில் மகர ராஜ்யத்தை அழிக்கிறான். பிறகு திருவரங்கத்துக்கு அருகே பாச்சூரில் தங்குகிறான். அங்கிருந்து அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற இரு தண்டநாயகர்கள் கிளம்புகிறார்கள். கோப்பெருஞ்சிங்கன் இருந்த எள்ளேரி, கல்லியூர்மூலை; சோழகோன் இருந்த தொழுதகையூர். இவற்றை அழித்துவிட்டுப் பொன்னம்பலத்தில் கும்பிடுகிறார்கள். பிறகு தொண்டைமாநல்லூர் முதலான ஊர்களை அழித்து, காட்டை வெட்டுவித்து, திருப்பாதிரிப்புலியூரில் தங்கல். அடுத்து திருவதிகை, திருவெக்கரை. கடைசியில் வாரணவாசி ஆற்றுக்குத் தெற்கு, சேந்தமங்கலத்துக்குக் கிழக்கு, கடல் வரைக்கும் உள்ள ஊர்களைச் சுடுவது, கொள்ளையிடுவது, பெண்டுகளைப் பிடிப்பது.

வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். சேந்தமங்கலத்தை நேரே முற்றுகையிடவில்லை. கோட்டைக்குச் சோறு போடும் நாட்டைத் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அழித்துக்கொண்டே வந்தார்கள். கோட்டையை எடுத்துவிடப் போகிற அளவில் காடவன் குலைந்து, சக்கரவர்த்தியை விடுவிக்கிறேன் என்று நரசிம்மனுக்கு விண்ணப்பம் செய்கிறான். நரசிம்மன் ஒப்புக்கொண்டு ஆள் அனுப்பிய பிறகு சோழனை எழுந்தருளுவித்துச் சோழமண்டலத்தில் புகவிட்டார்கள். துவாரசமுத்திரத்திலிருந்து பாச்சூர், அங்கிருந்து கடலூர்க் கரை, வழியெல்லாம் போர். இது ஓரிரு வார வேலையாகத் தெரியவில்லை. மழைக்காலத்தில் கொள்ளிடத்தையும் வெள்ளாற்றையும் குதிரைப்படை கடப்பதும் எளிதன்று. சிறைப்பட்டது 15ஆம் ஆண்டின் பிற்பகுதியிலோ 16இன் தொடக்கத்திலோ இருக்கலாம் என்பது என் கணிப்பு.

கெடிலக்கரை எழுதியது:

மகதைநாடு, இரண்டையும் பிரித்தது சரி. பிடிபட்ட இடத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். திருவந்திபுரக் கல்வெட்டு சேந்தமங்கலத்தைத்தான் சொல்கிறது. ஆனால் காடவன் தரப்பு வயலூர்க் கல்வெட்டோ, சோழனைத் தெள்ளாற்றில் வென்று, பரிச்சின்னங்கள் (அரச சின்னங்கள்) எல்லாவற்றையும் கைக்கொண்டு, சிறையிட்டுச் சோணாடு கொண்டதாகப் பேசுகிறது. போசள அவைப் புலவர் இயற்றிய வடமொழி நூல் கத்யகர்ணாம்ருதம், ராஜராஜன் தன் நண்பனான குந்தள அரசனிடம் சேரப் போகும் வழியில் மறிக்கப்பட்டான் என்கிறது. சேந்தமங்கலத்தை ஜயந்தமங்கலம் என்று அழைக்கிறது. மூன்றையும் சேர்த்தால்: தெள்ளாற்றில் பிடிப்பு, சேந்தமங்கலத்தில் சிறை.

சோழன் ஏன் தெள்ளாறு வரை வடக்கே போனான் என்று கேட்பார்கள். தெள்ளாறு வந்தவாசிக்கு அருகே இருக்கிறது. 1230 அளவில் காஞ்சியில் போசளப் படை இருந்ததற்குக் கல்வெட்டு உண்டு. துவாரசமுத்திரம் போவதைவிடக் காஞ்சிப் படையோடு சேர்வதுதான் அவனுக்கு அருகில் இருந்த வழி என்று நான் கருதுகிறேன். கோப்பெருஞ்சிங்கனுக்கும் தெள்ளாறு வெறும் ஊர் இல்லை. காடவர் தங்களைப் பல்லவர் வழி என்றே சொல்லிக்கொண்டார்கள். மூன்றாம் நந்திவர்மன் 'தெள்ளாறெறிந்த' என்ற பட்டம் பெற்றது அதே களத்தில், 9ஆம் நூற்றாண்டில்.

நாள்மீன் எழுதியது:

இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. எனக்கு இந்த ஆட்சியிலேயே பெரிதாகப் படுவது அதுதான்.

திருவந்திபுரக் கல்வெட்டை வெட்டியவர்கள் போசளத் தண்டநாயகர்கள். வெற்றி அவர்களுடையது. பாராட்டப்படுகிறவன் நரசிம்மன். சோழன் அதில் மீட்கப்பட்ட கைதி. அப்படியிருந்தும் ஆண்டு யாருடையது? ராஜராஜனுடையது. நரசிம்மனின் ஆட்சியாண்டைப் போடவில்லை. சோழமண்டலத்தில் ஒரு கல்லில் காலம் குறிக்க வேண்டுமென்றால் சோழனின் ஆண்டைத்தான் எழுத வேண்டும் என்பது எதிரிக்கும் நண்பனுக்கும் பொதுவான வழக்காக இருந்திருக்கிறது.

காடவர் தரப்பிலும் இதே நிலைதான். சோழனையே சிறைவைத்த வலிமை இருந்தும், கோப்பெருஞ்சிங்கன் பெயரில் தனி ஆட்சியாண்டு ஓடத் தொடங்குவது 1243இல்தான். சிறைபிடித்ததற்கும் அதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டு அளவு இடைவெளி. நிலம் போனது, திறை போனது, முடிச்சின்னங்கள் போயின. ஆண்டுக்கணக்கு மட்டும் போகவில்லை. ஊர்ச் சபையும் கோயில் தானத்தாரும் நிலப் பத்திரத்தில் எழுதும் ஆண்டு மாறுவதுதான் ஆட்சி உண்மையில் கைமாறும் இடம். 1279இல் மூன்றாம் ராஜேந்திரனின் ஆண்டு நின்றபோது அது நடந்து முடிந்தது. நினைவு ஆண்டு என்று கொண்டாட 1231–32ஐ ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வடவாறு கேட்டதற்கு என் பதில் இதுதான்: சிறையிலிருந்த மன்னனின் ஆண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

வடவாறு எழுதியது:

இது வலுவான வாதம் ஐயா. ஆனால் அதையே மறுபக்கம் திருப்பலாம். ஆண்டைப் போடுவது எழுத்தரின் பழக்கமாக மட்டும் இருக்கலாம் இல்லையா? அதை வைத்து மன்னனுக்கு மதிப்பு இருந்தது என்று சொல்ல முடியாது.

நாள்மீன் எழுதியது:

பழக்கம் என்றால் 1243இல் காடவன் அதை மாற்றியிருக்க வேண்டியதில்லை. 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தோடு தன் ஆண்டை எழுதவைத்தான். அதன் எடையை அவன் அறிந்திருந்தான். மன்னனின் ஆற்றலுக்கு இது சான்று ஆகாது என்பதை ஏற்கிறேன். பதவியின் மதிப்புக்குச் சான்று.

வன்னிமண் எழுதியது:

இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. திருவந்திபுரக் கல்வெட்டில் கொல்லப்பட்ட கோப்பெருஞ்சிங்கனின் முதலிகள் (படைத்தலைவர்கள்) வரிசையில் வீரகங்கநாடாழ்வான், சீனத்தரையன் ஆகியோரோடு ஈழத்து ராஜா பராக்கிரமபாகுவும் வருகிறான். இவனைத் தம்பதெனியாவில் ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகு என்று எண்ணிவிட வேண்டாம். அவர் அரசேறியது 1236இல், அதற்குப் பிறகு நெடுங்காலம் ஆண்டவர். 1231இல் பொலன்னறுவை கலிங்க மாகன் பிடியில் இருந்தது. பழைய அரச குலத்தவர் சிதறிக் கிடந்த காலம். அப்படி வெளியேறிய இளவரசன் ஒருவன் காடவன் படையில் சேர்ந்திருக்கலாம் என்றே கொள்ள முடிகிறது. கல்வெட்டு 'ராஜா' என்று எழுதியிருப்பது போசளர் தங்கள் வெற்றியை உயர்த்திக் காட்டவும் உதவியிருக்கும்.

மகதைநாடு எழுதியது:

வன்னிமண், மிகவும் பயனுள்ள திருத்தம். அந்தக் கடைசி வரியை வேறொரு இடத்துக்கும் பொருத்த வேண்டும். கோப்பெருஞ்சிங்கன் தேவாலயங்களையும் விஷ்ணு ஸ்தானங்களையும் அழித்தான் என்று அதே கல்வெட்டு குற்றம் சாட்டுகிறது. பலர் இதை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். எழுதியவன் அவன் எதிரி என்பதை மறக்கக் கூடாது. தில்லையில் தெற்குக் கோபுரத் திருப்பணியோடு காடவர் பெயர் சேர்ந்திருக்கிறது. திருவண்ணாமலை, விருத்தாசலம், காஞ்சி என்று கோயில் கோயிலாகக் கொடை இருக்கிறது. பெரம்பலூர்ப் போரில் போசளத் தண்டநாயகர்களைக் கொன்றதற்குக் கழுவாயாக விருத்தாசலம் கோயிலுக்கு அணி கொடுத்த செய்தியும் உண்டு. அந்தப் பெரம்பலூர்ப் போரே, 1231உடன் காடவர்–போசளர் பகை ஓயவில்லை என்பதற்குச் சான்று.

போர் நடந்த ஊர்களில் கோயில் நிலமும் பண்டாரமும் சேதப்பட்டிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதே கல்வெட்டில் போசளப் படை திருவதிகையை அழித்ததாகப் பெருமையோடு சொல்கிறதே, அது அப்பர் பாடிய தலம். இரண்டு தரப்புக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

கற்படி எழுதியது:

2031இல் ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டுமானால் கல்லைப் படிக்கிற வேலையில் இறங்கலாம். அதற்கு இரண்டு செய்திகள்.

முதலாவது, எந்த ராஜராஜன் என்று பிரிப்பது. கல்வெட்டில் எண் போட்டிருக்காது. 'திரிபுவனச் சக்கரவர்த்திகள்' என்று இருந்தால் முதலாம் ராஜராஜன் இல்லை. அந்தப் பட்டம் முதலாம் குலோத்துங்கன் காலத்திலிருந்துதான் வழக்கில் வந்தது. மிச்சம் இரண்டாமவனும் மூன்றாமவனும். சோழ மன்னர் மாறிமாறிப் பூண்ட இரு பட்டங்களில் 'பரகேசரி' என்றால் இரண்டாமவன், 'ராஜகேசரி' என்றால் மூன்றாமவன். மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மன்னன் புகழுரை, 'சீர்மன்னி' என்று தொடங்கினால் மூன்றாமவன். சிக்கல் என்னவென்றால் இவன் கல்வெட்டுகள் பலவற்றில் மெய்க்கீர்த்தியே இல்லை. 'திரிபுவனச் சக்கரவர்த்திகள் ஸ்ரீராஜராஜதேவர்க்கு யாண்டு' என்று நேரே ஆண்டுக்குப் போய்விடும். அப்போது ஆண்டின் அளவைப் பாருங்கள். இரண்டாமவன் ஆண்டது 1146 முதல் 1173 வரை, ஆகவே 30ஐத் தாண்டிய ஆண்டு என்றால் மூன்றாமவன்தான். சிறிய ஆண்டாக இருந்தால் உள்ளே வரும் சிற்றரசர் பெயர், அதிகாரி பெயர், எழுத்தின் வடிவம் மூன்றையும் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். நட்சத்திரமும் கிழமையும் இருந்தால் நாள்மீன் ஐயா மாதிரி கணக்கில் தேர்ந்தவரிடம் கொடுங்கள். மாதமும் நட்சத்திரமும் சேர்ந்தால் ஓர் ஆண்டில் பெரும்பாலும் ஒரு நாள்தான் அகப்படும். கிழமையும் ஒத்துவந்தால் அது தற்செயலாக ஒத்துவர ஏழில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. திதியும் சேர்ந்தால் உறுதி கூடும். மூன்றில் ஒன்று மட்டும் பிசகினால் பெரும்பாலும் பட்சத்தை (வளர்பிறை, தேய்பிறை) மாற்றி வெட்டியிருப்பார்கள், அல்லது நாம் படித்ததில் பிழை இருக்கும்.

இரண்டாவது, படியெடுப்பது. கோயில் நிர்வாகத்திடமும் உரிய துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் கல்லில் கைவைக்கக் கூடாது. அனுமதி கிடைத்தால் தண்ணீரும் நார்த் தூரிகையும் கொண்டு தூசியைப் போக்க வேண்டும். கம்பித் தூரிகை ஆகாது, எழுத்தின் ஓரம் உடையும். சுண்ணாம்பு பூசிய சுவரில் அதைச் சுரண்டி எடுக்க முயலவே வேண்டாம், அது துறையாட்கள் வேலை. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்டும் தூரிகையால் அடித்துக்கொண்டே போனால் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். இடையில் காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடத்தில் எழுத்து விழாது. தாள் முக்கால் காய்ந்த பிறகுதான் மைப்பந்தை ஒற்ற வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒற்றினால் மை பள்ளத்துக்குள் கசிந்து எழுத்து மறையும், கல்லிலும் கறை ஏறும். முழுக்கக் காயவிட்டால் தாள் தானே கழன்று கொஞ்சம் நகரும். ஒவ்வோர் எழுத்தும் இரட்டையாக விழும்.

அனுமதி கிடைக்கவில்லை என்றால் ஒளிப்படம் போதும். நேரே ஒளி அடிக்காமல், சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டிலிருந்து கைவிளக்கைப் பிடித்தால் எழுத்தின் நிழல் எழும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று; மூன்றும் எடுத்தால்தான் தேய்ந்த கொம்பும் காலும் தெரியும். அளவுகோல் ஒன்றைப் படத்துக்குள் வையுங்கள். திருநீறு, கோலமாவு, எண்ணெய் எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்து எழுத்தை நாளடைவில் மூடிவிடும்.

கெடிலக்கரை எழுதியது:

கற்படி, இதைத் தனி இழையாகவும் இட வேண்டுகிறேன்.

தஞ்சையில் முதலாம் ராஜராஜனுக்கு எடுக்கும் சதய விழாவோடு ஒப்பிட்டு ஒரு சந்தேகம், நாள்மீன் ஐயா. முதலாம் ராஜராஜனுக்கு நட்சத்திரம் இருப்பதால் ஆண்டுதோறும் நாள் கிடைத்துவிடுகிறது. இவனுக்கு என்ன செய்வது?

நாள்மீன் எழுதியது:

சதய விழாவிலேயே இரண்டு கணக்குகள் கலந்திருக்கின்றன. ஐப்பசிச் சதயம் முதலாம் ராஜராஜன் பிறந்த நாள்மீன். ஆனால் 2022இல் நடந்ததை 1037ஆவது சதய விழா என்றார்கள். 2022இலிருந்து 1037ஐக் கழித்தால் 985. அது அவன் பட்டமேறிய ஆண்டு. பிறந்த நட்சத்திரத்தில் விழா, அரியணை ஆண்டிலிருந்து எண்ணிக்கை. தவறென்று சொல்ல மாட்டேன், ஊர் ஏற்றுக்கொண்ட வழக்கு. ஆனால் எதை எண்ணுகிறோம் என்று அழைப்பிதழில் ஒரு வரி இருந்தால் குழப்பம் வராது.

பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டும் அப்படித்தான். விமானத்துக் கலசத்தை ராஜராஜன் கொடுத்தது 25ஆம் ஆண்டு 275ஆம் நாள். பட்டமேறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில். அப்படியானால் அந்த 275ஆம் நாள் 1010 மார்ச் 26க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே விழும். விழா நடந்தது செப்டம்பரில். ஆண்டு சரி, பருவம் வேறு.

மூன்றாமவனுக்கு இருக்கும் பிடிமானம் ஆட்சியாண்டின் தொடக்கம்தான். 1231இல் 16ஆம் ஆண்டு ஆடித் தொடக்கத்தை ஒட்டிப் பிறந்தது. மாதக் கணக்கில் போனால் 2031 ஆடி முதல் பாதியில் தொடங்கலாம். இன்றைய நாட்காட்டியில் அது ஜூலை பின்பாதி. ஜூலியன் நாளோடு 7 கூட்டும் கணக்கில் போனால் ஜூலை முதல் பாதி. இரண்டில் எதைப் பிடித்தாலும் சரி, எதைப் பிடித்தோம் என்று எழுதிவைக்க வேண்டும்.

வடவாறு எழுதியது:

விழா என்று இல்லாமல் ஓராண்டு வாசிப்பாக இருந்தால் நானும் வருகிறேன். திருவந்திபுரத்தில் தொடங்கி, திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை, கடைசியில் சேந்தமங்கலம் என்று படை போன கடைசிப் பகுதியை ஊர் ஊராக எடுத்துக்கொள்ளலாம். சேந்தமங்கலம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் கெடிலக் கரையில்தான் இருக்கிறது. கல்வெட்டில் வாணிலைகண்டீசுவரம் என்று வரும் ஆபத்சகாயேசுவரர் கோயிலும், தட்டினால் ஓசை எழும் கல் குதிரைகளும் காடவர் தலைநகரின் மிச்சம்.

கடைசியாக ஒரு கேள்வி. 1246இல் மூன்றாம் ராஜேந்திரன் தன் ஆண்டைத் தொடங்கிவிடுகிறான். ராஜராஜனோ 1256 வாக்கில்தான் மறைகிறான். அந்தப் பத்தாண்டுக் கல்வெட்டுகளை எந்த ஆண்டில் வைப்பது?

நாள்மீன் எழுதியது:

யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்கில். ராஜேந்திரனின் ஆண்டு 1246 மார்ச் கடைசி–ஏப்ரலில் தொடங்குகிறது. ராஜராஜனுடையது ஜூலை ஒட்டி மாறுகிறது. ஆகவே 1249 செப்டம்பரில் வெட்டிய ஒரு கல்லில் ராஜராஜனுக்கு 34 என்றும், அதே மாதம் இன்னோர் ஊரில் ராஜேந்திரனுக்கு 4 என்றும் இருக்கலாம், இரண்டும் சரி. ஆனால் 1249 மே மாதம் என்றால் ராஜேந்திரனுக்கு 4 ஆகியிருக்கும், ராஜராஜனுக்கு 33தான். ராஜேந்திரன் மெய்க்கீர்த்தி, அவன் ராஜராஜனின் இழிவைப் போக்கி மூன்றாண்டு இரு முடி சூடவைத்தான் என்று பேசுகிறது. எந்தெந்த ஊர் எந்த ஆண்டில் ஒருவரை விட்டு மற்றவருக்கு மாறியது என்று அட்டவணை போட்டால், சோழமண்டலத்தில் ராஜராஜனின் பெயர் எந்தத் திசையிலிருந்து மங்கத் தொடங்கியது என்பது தெரிந்துவிடும். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பகுதியை நான் தொடங்குகிறேன். ஊர், கோயில், சுவரின் திசை, மன்னன் பெயர், ஆண்டு, எதிராமாண்டு இருக்கிறதா, மாதம், நட்சத்திரம், கிழமை என்று ஒன்பது பத்தி போதும்.